ட்ரெய்லரில் காபி: எதை ஏற்றுவது, எதை வீட்டில் விடுவது

கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் நீண்ட வார இறுதிகளில் மலைப்பக்கம் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. முதலில் கூடாரம். அடுத்து வாடகைக்கு ஒரு சிறிய ட்ரெய்லர். கொஞ்ச நாளில் வீட்டு வாசலிலேயே சொந்தமாக ஒன்று நிற்கும். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை தெரியும் டியர்ட்ராப் வகையாக இருக்கலாம், துணிச்சுவர் விரியும் பாப்-அப் வகையாக இருக்கலாம். அந்த மேடைகளில் பார்க்கிற காபிக் கருவிகள்தான் என்னை இதை எழுத வைக்கின்றன. ஒரு பக்கம் மகன் ரீல்ஸ் பார்த்து வாங்கிய கைப்பம்பு எஸ்பிரெஸோ. இன்னொரு பக்கம், "ஃபில்டர் இல்லாம நான் வரலைப்பா" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா ஏற்றிவைத்த கும்பகோணம் பித்தளை ஃபில்டர். காலை ஏழு மணிக்கு இரண்டுமே கைகொடுக்காமல், குடும்பமே இன்ஸ்டன்ட் காபிக்குத் தண்ணீர் கொதிக்கட்டும் என்று குளிரில் கைகட்டி நிற்கிறது.

மகன் ஊர் பார்க்க வாங்கினான். அம்மா பழக்கத்துக்காகச் சுமந்து வந்தார். அந்தச் சின்ன மேடையில் என்ன நடக்கும் என்று இருவரும் யோசிக்கவில்லை. வீட்டில் காபிக் கருவி வாங்கும்போது ருசியைப் பார்த்து வாங்கலாம், தப்பில்லை. ட்ரெய்லருக்கு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை எப்படிக் கழுவப் போகிறோம்?

சிறு ட்ரெய்லர்களின் நல்ல தண்ணீர்த் தொட்டி பத்து, இருபது காலன் பிடிக்கும். டியர்ட்ராப் என்றால் பெரும்பாலும் ஐந்து காலன் கேன்தான். ஒரு காலன் 3.8 லிட்டர். குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அதுவே. கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் போகவும் பூங்காக்களில் விடமாட்டார்கள். பிடித்துவைத்து, அதற்கென்று இருக்கும் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆகவே சக்கை ஒட்டிய ஒரு கருவியைக் கழுவ இரண்டு லிட்டர் ஆகிறது என்றால் அந்த இரண்டு லிட்டரை இரண்டு தடவை தூக்குகிறீர்கள், ஒருமுறை நல்ல தண்ணீராக, இன்னொருமுறை கழிவுத் தண்ணீராக. கழிவுத்தொட்டிக்குள் போய்ப் படியும் காபிச் சக்கையின் வாடையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, யார் குடிக்கிறார்கள்? நம் வீட்டில் காபி என்றால் பால் காபி. இங்கே விற்கும் பல கருவிகள் பெரிய மக் நிறையக் கறுப்புக் காபி குடிப்பவர்களை நினைத்துச் செய்தவை. அந்தக் காபியில் பாலைச் சேர்த்தால் நிறம் மாறும், அவ்வளவுதான். கள்ளிச்சொட்டாக டிக்காஷன் இறங்காத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான்கு டம்ளர் கேட்கும் குடும்பத்துக்கு அது உதவாது.

இன்ஸ்டன்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோர் பையிலும் ஒரு பாக்கெட் இருக்கும், இருக்கவும் வேண்டும். மழை பிடித்த காலையில் அதைக் குறைசொல்பவர் யாருமில்லை.

ஃபில்டரை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் அது ட்ரெய்லரில் என்ன செய்யும் என்று தெரியாது. ஃபில்டர் புவியீர்ப்பில் வேலை செய்வது. மேடை சமமாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கடியில் கட்டை வைத்துச் சமப்படுத்தாத ட்ரெய்லரில் தண்ணீர் ஒரு பக்கமாகவே இறங்கும், மறுபக்கத் தூள் பாதி நனைந்து கிடக்கும், டிக்காஷன் நீர்த்துப்போகும். இரவு போட்டுவைத்துக் காலையில் எடுக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். யோசெமிட்டி போன்ற கரடி நடமாடும் பூங்காக்களில் இரவில் வாசனையுள்ள எதையும் மேசையில் விட்டுவைக்கக் கூடாது. பற்பசைகூட முகாமிலிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். சொட்டிக்கொண்டிருக்கும் ஃபில்டரை மட்டும் கரடி மன்னித்துவிடுமா? துணிச்சுவர் பாப்-அப் என்றால் உள்ளே வைப்பதும் ஆகாது. அம்மாவின் ஃபில்டரைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் பித்தளையை வீட்டில் விட்டுவிட்டு எவர்சில்வரில் சின்னதாக ஒன்று எடுங்கள். சாயங்காலமே போட்டு, இறங்கிய டிக்காஷனைப் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, அதையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிடுங்கள். கிளம்பும் நாளுக்கான டிக்காஷனை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

அமெரிக்க முகாம்களில் நீல எனாமல் பெர்க்கொலேட்டரைப் பார்க்கலாம். பார்வைக்கு லட்சணமாக இருக்கும், பேரக்குழந்தைகள் படம் எடுப்பார்கள். ஒருமுறை இறங்கிய காபியே கொதித்துக் கொதித்து மேலேறித் திரும்பத் திரும்பச் சக்கை வழியாக இறங்குவதுதான் அதன் வேலைமுறை. கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியதில்லை.

கண்ணாடி ஃப்ரெஞ்ச் பிரஸ் உடையும், எவர்சில்வரில் செய்தது உடையாது. இரண்டிலும் அடியில் சேறு மாதிரி சக்கை தங்கும், வலையின் இடுக்குகளில் தூள் சிக்கும். கழுவும் கேள்வியிலேயே தோற்றுவிட்ட கருவி. காகித வடிகட்டியில் ஊற்றி இறக்கும் முறை 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி மகனின் நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை வைத்துத் தொடங்கியது. கழுவ அதைவிட எளிது எதுவுமில்லை, தாளோடு சக்கையைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. கறுப்புக் காபி குடிப்பவர்கள் இதோடு கட்டுரையை மூடிவைத்துவிட்டு இதையே வாங்கலாம். பாலுக்கு அது தாங்காது.

மோக்கா பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் டிக்காஷனுக்கு நெருங்கிய சொந்தம் அது. 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், நீராவி அழுத்தத்தில் காபி மேலே ஏறும். அந்த அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான், எஸ்பிரெஸோவின் ஒன்பது பாருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் பால் காபிக்குத் தாராளமாகப் போதும். 'மூன்று கப்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், இத்தாலியர்களின் கப் நம் டபராவில் கால்வாசி. நான்கு பேருக்கு ஆறு கப் அளவு வேண்டும். தண்ணீர் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்கட்டும். சிக்கரி கலந்த தூளை அழுத்தி நிரப்பினால் அடைத்துக்கொள்ளும், தளர்வாக இட்டு மட்டப்படுத்துங்கள். முகாம் அடுப்பின் கம்பிகள் அகலமாக இருப்பதால் சின்னப் பாத்திரம் சரிந்து விழும். ஒரு சிறிய கம்பிவலைத் துண்டை அடுப்பின் மேல் போட்டுக்கொண்டால் நிற்கும்.

ஓரிருவர் போகும் பயணத்துக்கு ஏரோபிரஸ். ஏரோபி என்ற பறக்கும் வளையத்தைச் செய்த ஆலன் அட்லர் 2005-இல் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் குழாய், உடையாது. குழாய்க்குள் தூளும் வெந்நீரும் கலந்து ஊறியபின் தண்டை அழுத்தினால் டிக்காஷன் இறங்கும். பிறகு மூடியைக் கழற்றி ஒரு தள்ளு தள்ளினால் சக்கை கட்டியாக வெளியே விழும், அரை டம்ளர் தண்ணீரில் கழுவி முடிக்கலாம். தூளைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்துப் போட்டால் பாலில் நிற்கும். நான்கு பேர் என்றால் நான்கு தடவை அழுத்த வேண்டும், அதுதான் குறை.

இனி அந்தக் கைப்பம்பு. டார்ச் லைட் அளவில், கறுப்பாக, மினுமினுப்பாக இருக்கும் எஸ்பிரெஸோ கருவி. பல நிறுவனங்கள் செய்கின்றன, நான் எதையும் பெயர் சொல்லிக் குறைகூற வரவில்லை. அவை செய்வதாகச் சொல்வதைச் செய்கின்றன. பிரச்சினை என்னவென்றால், நம்மவர்கள் அவற்றை வாங்கக் காரணம் முப்பது விநாடி ரீல்ஸ். பின்னால் பனிமலை, முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், கையில் கருவி, கோப்பையில் பொன்னிற நுரை. அந்தக் கருவியை அவர் கழுவுகிற படம் எந்த ரீல்ஸிலும் வராது.

எஸ்பிரெஸோவுக்கு மூன்று விஷயம் கூடிவர வேண்டும்: ஒன்பது பார் அழுத்தம், தொண்ணூறு டிகிரிக்கு மேல் வெந்நீர், மிக மென்மையாக, ஒரே சீராக அரைத்த தூள். கடையில் பதினெட்டு கிராம் தூளில் இருபத்தைந்து முப்பது விநாடியில் இறங்குவது இந்த மூன்றும் சேர்வதால்தான். அழுத்தத்தைக் கைப்பம்பு தந்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டும் உங்கள் பொறுப்பு. தமிழ்க் கடையில் வாங்கும் ஃபில்டர் தூள் இதற்கு ஆகாது. அதிலிருக்கும் சிக்கரி ஈரம் பட்டதும் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும். பம்பை அமுக்க அமுக்கக் கை வலிக்கும், கோப்பையில் ஒன்றும் விழாது. சூப்பர் மார்க்கெட்டில் அரைத்து விற்கும் தூள் கரகரப்பாக இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஆக நல்ல கையரைப்பான் ஒன்று வேண்டும், அதன் விலை பல சமயம் கருவியின் விலையை மிஞ்சும். அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

வெந்நீர் விஷயம் இன்னும் மோசம். சியெரா மலையில் செப்டம்பர் மாதக் காலையில்கூட வெளியே ஐந்தாறு டிகிரி இருக்கும். இரவெல்லாம் குளிர்ந்த கருவியில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் அது தூளைத் தொடும் முன்பே சூட்டை இழந்துவிடுகிறது, காபி புளிக்கிறது. அதனால் முதலில் வெறும் வெந்நீரை ஓட்டிக் கருவியைச் சூடாக்க வேண்டும். தண்ணீரும் இரட்டிப்பு, எரிவாயுவும் இரட்டிப்பு. சிறிய மாதிரிகளில் ஒரு தடவைக்கு எட்டு கிராம் தூள்தான் பிடிக்கும், இறங்குவது நாற்பது ஐம்பது மில்லி. நான்கு பேர் குடும்பம் என்றால் நிரப்பு, ஊற்று, அமுக்கு, தட்டு, கழுவு என்று நான்கு சுற்று. கடைசி ஆளுக்குக் கிடைக்கும்போது முதல் ஆளின் டம்ளர் ஆறி, அவர் இன்ஸ்டன்ட் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருப்பார். ரப்பர் வளையம், சல்லடை, கரண்டி என்று உதிரிபாகங்கள் வேறு. பைன் ஊசி இலைகள் உதிர்ந்து கிடக்கும் தரையில் விழுந்த ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தைத் தேடியவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று.

கைப்பம்பில் சலித்தவர்கள் அடுத்து மின்சார எஸ்பிரெஸோவுக்குப் போகிறார்கள். அது 1,200 முதல் 1,500 வாட் இழுக்கும். 1,500 வாட்டை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எடுக்க 125 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் அதற்கும் மேலே. சிறு ட்ரெய்லரில் வரும் நூறு ஆம்பியர்-மணி பாட்டரிக்கும் அதன் கம்பிகளுக்கும் அது பெரிய சுமை. கம்பம் நட்டு மின்சாரம் தரும் தனியார் முகாம்களில் பிரச்சினையில்லை. ஆனால் யோசெமிட்டியின் முகாம்கள் எதிலும் அந்த இணைப்பே கிடையாது. ஜெனரேட்டர் போட்டுக் காபி போடலாம் என்று நினைப்பவர், பல பூங்காக்களில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம் என்பதையும், ஆறு மணி அடித்ததும் பக்கத்துக் கூடாரத்துக்காரர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கைப்பம்பு யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறவர், பாலில்லாமல் குடிக்கிறவர், வீட்டிலும் கொட்டையைக் கையால் அரைத்துத்தான் காபி போடுகிறவர். அவருக்கு என் வழிகாட்டி தேவையில்லை.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது துணி. ஆமாம், வெறும் துணி வடிகட்டி. ஃபில்டர் எங்கள் வீட்டுக்குள் வரும்வரை காபி பழைய வேட்டித் துணியில்தான் வடிந்தது, யாரும் குறைசொன்னதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோப்பிக் கடைகளில் இன்றைக்கும் நீண்ட துணிப்பையில்தான் வடிக்கிறார்கள். கோஸ்டாரிக்காவில் மரச் சட்டத்தில் துணிப்பையைத் தொங்கவிட்டு இறக்குகிறார்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அறுபது கிராம் தூள் போட்டு ஒரே ஒரு கிளறு. மூடி நாலைந்து நிமிடம். துணியில் வடித்தால் நானூறு மில்லிக்குப் பக்கத்தில் கெட்டி டிக்காஷன், நான்கு டம்ளர் பால் காபிக்குக் கணக்காக வரும். ஃபில்டர் தூளே போதும், சிக்கரி இருந்தாலும் பரவாயில்லை, ட்ரெய்லர் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. புதுத் துணியை முதலில் வெந்நீரில் கொதிக்கவைத்துக் கஞ்சி போக்க வேண்டும், சோப்பு காட்டக் கூடாது. சக்கை ஆறியதும் பையில் உதறிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் அலசிக் கயிற்றில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் புளித்த வாடை வரும். கழுவும் கேள்வியில் ஏரோபிரஸுக்குத் துணி கொஞ்சம் பின்தங்கும் என்று யாராவது சுட்டிக்காட்டினால், அவர் நான்கு பேருக்குக் காபி போட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

கருவியைவிட மற்ற சில்லறை விஷயங்கள் காபியைக் கெடுப்பதுதான் அதிகம். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், முன்னூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். யோசெமிட்டியின் டுவாலமி மெடோஸ் சுமார் 2,600 மீட்டர் உயரம், அங்கே 91 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். டீக்காரர்களுக்கு அது பாதகம். காபிக்கு 90 இருந்தால் போதும், ஆகவே கொதித்த உடனே ஊற்றுங்கள், ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிடுங்கள். கொரியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பியூட்டேன் மேசையடுப்பை மலைக்கு நம்பாதீர்கள். பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாயுவாக மாறவே மறுக்கும், சுடர் அணில் வாலாகச் சுருங்கும். புரொப்பேனுக்கு அந்தத் தொல்லை இல்லை, அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிருக்குப் பயந்து அடுப்பை ட்ரெய்லருக்குள் ஏற்றுகிறவர்கள் ஜன்னலையும் கூரைத் துவாரத்தையும் திறந்துவையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எச்சரிக்கை மணி ட்ரெய்லருக்குள் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பாலுக்கு, திறக்கும்வரை குளிர் வேண்டாத சிறிய டெட்ரா பாக்கெட்டுகள் போதும். டின்னில் வரும் எவாபரேட்டட் பாலைத் தண்ணீர் கலந்து சூடாக்கினாலும் ருசி நன்றாக இருக்கும், சிங்கப்பூர்க்காரர்களின் 'கோப்பி சி' அதில்தான் நிற்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார், "அண்ணா, ஒரே வார்த்தையில சொல்லுங்க, எதை வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்டேன், "காலையில் எழுந்ததும் முதல் கால் மணி நேரம் நீங்க எப்படி இருப்பீங்க தம்பி?" சிரித்தார். உண்மையில் கேள்வி அதுதான். சிலருக்குக் கண்விழித்ததும் கை பதற்றமில்லாமல் வேலை செய்யும், கிராம் கணக்கில் அளக்கப் பிடிக்கும், நிமிடம் எண்ணுவது சுகமாக இருக்கும். அவர்களுக்கு மோக்காவும் ஏரோபிரஸும் நன்றாகப் படியும். சிலருக்கு முதல் வாய் காபி உள்ளே போகும்வரை மூடியைத் திருகத் தெரியாது. அது குறையில்லை, ஆனால் அப்படிப்பட்டவர் பன்னிரண்டு பாகம் கொண்ட கருவியை வாங்கினால் எழுந்ததும் எரிச்சலோடுதான் நாள் தொடங்கும். அப்பா வற்புறுத்தியதால் ஒரு படிப்பில் சேர்ந்து நாலு வருடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளை நாம் பார்க்காததா? கருவிக்கும் கைக்கும் இசைவு வேண்டும். அது இருக்கிறதா என்று தெரிய நாள் ஆகும். எந்தக் கருவியையும் வாங்கிய வாரமே நல்லது, கெட்டது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். தூளின் அளவு, ஊறும் நேரம், சுடரின் உயரம் எல்லாம் கை அறிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். கருவியை மாற்றிக்கொண்டே இருப்பவர் எதிலும் தேறுவதில்லை, ஒரே கருவியை ஒரு மாதம் தொடர்ந்து வைத்துப் பார்ப்பவர் எதிலும் தேறிவிடுவார்.

தம்பிக்குச் சொன்ன வேலை இது. அடுத்த விடுமுறை வரும்வரை எதையும் வாங்க வேண்டாம். வீட்டிலிருக்கும் கருவியையும், வாங்க நினைத்து நண்பரிடம் இரவல் பெற்ற கருவியையும் சனிக்கிழமை காலையில் வீட்டுச் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். குழாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும். அதில் நான்கு பேருக்குக் காபி போட்டு, கொடுத்து, கருவியையும் கழுவி முடித்துவிட வேண்டும். சக்கையைச் சிங்கில் கொட்டக் கூடாது, பையில் கட்டி வைக்க வேண்டும். முடிந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில், கையுறையோடு. தேறுகிற கருவி ட்ரெய்லருக்குப் போகட்டும். தேறாதது வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே குழாய் இருக்கிறது.